எட்சனுக்குச் சொன்ன அயர்லாந்து

அயர்லாந்தில் பாம்பு கிடையாது என்று அப்பா நேசமணி சொன்ன அன்றைக்குத்தான் எட்சன் அந்த நாட்டுக்குப் போகச் சம்மதித்தான். அதுவரைக்கும் அம்மா இருக்கிற ஊர் என்பது அவனுக்குச் செல்போனுக்குள்ளே ஏதோ ஓர் இடம்.

"ஒண்ணு கூடவா இல்ல?"

"ஒண்ணு கூட இல்ல மக்கா. பேட்ரிக்னு ஒரு ஊழியக்காரரு. மலைக்க மேல ஏறி நின்னு ஜெபிச்சாராம். நாட்டுல உள்ள பாம்பு எல்லாம் ஒக்க சாடிச் சாடிக் கடல்ல விழுந்துட்டு."

"அப்போ நம்ம விறகுப்பெரையில கெடந்த விரியன்?"

"அது அங்க வந்தா அதுக்கும் கடல்தான்."

எட்சன் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினின் மேல் சாய்ந்து நின்று யோசித்தான். பேச்சிப்பாறைக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி மேட்டில் ஏறினால் இவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தொடங்கி ஓடை வரை ரப்பர். விறகு எடுக்கப் போனாலும் சருகுக்குள் பந்து பொறுக்கப் போனாலும் கம்பால் தட்டிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். பாம்பில்லாத நாட்டில் பந்து எவ்வளவு தூரம் போனாலும் ஓடிப் போய் எடுக்கலாம். "செரி, நான் வாறேன்" என்றான், அயர்லாந்தே அவன் பதிலுக்குக் காத்துக்கிடந்த மாதிரி. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அவன் அக்கா ஜெஸ்மி சிரித்துவிட்டாள்.

நேசமணி சரித்திரத்தில் பி.ஏ. படித்தவன். படிப்புக்கு வேலை கிடைக்காமல், அப்பாவின் ரப்பரையும் பக்கத்துக்காரர் ரப்பரையும் பால்வெட்டிப் பிழைத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வேறு ஆள். சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளிக்கு அவன்தான் வாத்தியார். ராட்சதனைக் கவணால் அடித்த தாவீது கதையை அவன் சொன்னால் பிள்ளைகள் கல்லைத் தேடிக் குனிவார்கள். நரகத்தைப் பற்றிச் சொன்னால் சின்னதுகள் ராத்திரி பாயில் ஒன்றுக்கிருந்துவிடும். மறுநாள் தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமைதான்.

அவன் மனைவி பிரீனா அயர்லாந்தில், கார்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எட்சனுக்கு மூன்று வயதாகும்போது போனவள். இப்போது அவனுக்கு ஆறு முடியப்போகிறது, ஜெஸ்மிக்குப் பதினொன்று. இடையில் தன் தம்பி கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை வந்துபோனாள். ஓணம் கழிந்த சமயம் ஒருநாள் அவள் போனில் சொன்னாள்.

"பிள்ளையளுக்கப் பேப்பர் எல்லாம் செரியாயிரும் போல இருக்கு. மே மாசம் நான் லீவுல வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வருவேன். அதுக்குள்ள இந்த நாட்டப் பத்தி ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுங்க. உங்களுக்குத்தான் கத சொல்ல வருமே. இங்க ஸ்கூல்ல வந்து நின்னு பேந்தப் பேந்த முழிக்கப்பிடாது."

"அப்போ நான்?"

"மாமாவ ஆரு பாப்பா?" என்றாள் பிரீனா. "மாமாவுக்க காரியம் ஒரு கரை சேந்த பொறவு நீங்க வாருங்க."

மாமா என்றால் நேசமணியின் அப்பா குமாரதாஸ். வலப்பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய், முன்னறைக் கட்டிலில் கிடந்தார். நேசமணிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அம்மா என்றைக்கோ செத்துப்போய்விட்டாள். கஞ்சி ஊட்டுவது, துடைப்பது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவன்தான். எந்தக் கரையைப் பிரீனா சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் கட்டிலில் கிடந்தவருக்கும் புரிந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பான். தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு போய்ச் சேர வேண்டுமானால் பெற்ற தகப்பன் சாக வேண்டும் என்கிற இந்தக் கணக்கை யாரிடம் போய்த் திட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினான். தொடங்கியபின் அவனுக்கே ருசி பிடித்துவிட்டது. விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவான். வெயில் ஏறிய பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வந்து, ஆசிட் விட்டு உறைய வைப்பான். அது உறைகிற வரைக்கும் போனில் அயர்லாந்து பார்ப்பான். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜெஸ்மி மெஷின் கைப்பிடியைச் சுற்றுவாள், எட்சன் தண்ணீர் தெளிப்பான், நேசமணி ஷீட்டைத் தள்ளிக்கொடுத்தபடி பாடம் நடத்துவான். அவன் சொல்லக் கேட்டால் அயர்லாந்து, பாலும் தேனும் ஓடுகிற கானான் தேசத்துக்குப் பக்கத்து வீடு. அங்கே பசு இங்கத்து யானைக்குட்டி பருமன். வருஷம் பூரா மழை, நம்ம பேச்சிப்பாறை மாதிரியேதான், குளிர் மட்டும் கொஞ்சம் கூடுதல். எண்ணூறு வருஷம் இங்கிலீஷ்காரன் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தான்.

"வெள்ளக்காரனையே வெள்ளக்காரன் பிடிச்சு வச்சானா?" என்று ஜெஸ்மி கேட்டாள்.

"நெறத்துல என்னட்டி இருக்கு? பக்கத்து வீட்டுக்காரனாக்கும் மொதல்ல எல்லையக் கேறிப் பிடிப்பான்."

அந்த நாட்டுக்குப் பழைய மொழி ஒன்று உண்டு என்றும், அதில் வணக்கம் சொல்ல 'தீயா க்விட்ச்' என்பார்கள், கடவுள் உன்னோடே இருப்பாராக என்று அதற்கு அர்த்தம் என்றும் சொன்னான். "நம்ம தோத்திரம் சொல்லுகது மாதிரியாக்கும்." எட்சனுக்கு அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்ததும் முன்னறைக்கு ஓடி, "பாட்டா, தீயா க்விட்ச்" என்பான். குமாரதாஸின் வாயில் சரியாக இருந்த பாதி சிரிக்கும்.

சனிக்கிழமைகளில் உருளைக்கிழங்கை அவித்து, உடைத்து, வெண்ணெய் போட்டுப் பிசைந்து தட்டில் வைப்பான். அந்த நாட்டுச் சாப்பாடு. முள்கரண்டியால்தான் தின்ன வேண்டும் என்று கண்டிப்பு. எட்சன் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுக்குச் சாளக்கறி ஊத்தலாமா அப்பா?" என்பான். அயர்லாந்தின் மேல் சாளைமீன் கறி ஊற்றிக் குழைத்து அடித்தார்கள். அந்த இரண்டு மாதமும் வீட்டில் சந்தோஷம் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரீனா வீடியோவில் கூப்பிட்டாள். பிள்ளைகள் வருவதற்காகப் புது வீடு பார்த்திருந்தாள். ஒவ்வொரு அறையாகப் போனைக் காட்டிக்கொண்டே நடந்தாள். சின்ன வீடுதான். ஜன்னலுக்கு வெளியே ஈரப் புல்வெளி. ஓர் அறையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில் போட்டு, மேல்கட்டிலுக்கு ஏணி சாத்தியிருந்தது.

"மேல உள்ளது எனக்கு!" என்று எட்சன் துள்ளினான். துள்ளி முடித்ததும் கேட்டான், "அப்பா எங்க கெடக்கும் அம்மா?"

"அப்பா வரும்போ பாக்கலாம் மக்கா."

"அப்பாக்கு சோபா உண்டுல்லா" என்றாள் ஜெஸ்மி. எல்லோரும் சிரித்தார்கள். நேசமணியும் சிரித்தான்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, மேல்கட்டிலில் யார் என்று பிள்ளைகள் அடுக்களையில் அடித்துக்கொள்வது கேட்டது. அடுத்த மழைக்கு அந்தச் சத்தம் இந்த வீட்டில் இருக்காது. மழைச் சத்தமும், பேச முடியாத அப்பாவும், தானும்தான். சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது தன் வாய்தானே என்று அவனுக்கு அவன்மீதே எரிச்சல் வந்தது.

அந்த வாரம் மழை விடவில்லை. பால்வெட்டு கிடையாது. வாழைக்கு ஊடே நட்டிருந்த மரச்சீனியில், மரவள்ளியில், தண்ணீர் கட்டிவிட்டது. மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் கிழங்கு பிடுங்கப் போனான், எட்சனும் கூடவே வந்தான். செடியின் அடியைப் பிடித்து இழுத்தபோது கிழங்கு வரவில்லை. கறுத்த கூழாகக் கையோடு வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. எட்சன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இதாக்கும் அங்கயும் நடந்தது" என்றான் நேசமணி.

அப்போது அவன் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பஞ்சத்தைப் பற்றிப் படித்து வைத்திருந்தான். என்றைக்காவது சொல்லத்தானே வேண்டும்.

"அங்க உள்ள பாவப்பட்டவங்களுக்கு உருளக்கிழங்கு மட்டுந்தான் சாப்பாடு. ஒரு வருஷம் எல்லாக் கெழங்கும் இப்பிடி அழுகிப் போச்சு. மறு வருஷமும் அழுகிச்சு. தின்ன ஒண்ணும் இல்ல. லெச்சக்கணக்குல செத்தாங்க மக்கா. கடைசியில புல்லப் பிடுங்கித் தின்னாங்களாம். செத்துக் கெடக்கவனுக்க வாயி பச்சையா இருக்குமாம்."

எட்சன் மெல்ல வந்து அப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டான். ஈரக் கை. பிடித்ததை வீட்டுக்குப் போகிற வரைக்கும் விடவில்லை.

அந்தப் பிடி நேசமணிக்கு இனித்தது. அயர்லாந்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாளிலிருந்து பிள்ளை முதல்தடவையாக இந்தப் பக்கம் வந்து ஒட்டியிருக்கிறான். இனித்ததால் மறுநாளும் சொன்னான். அதற்கடுத்த நாளும் சொன்னான். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர்கள் பாதி வழியில் காய்ச்சலில் செத்ததையும், சாக்கில் சுற்றிக் கடலில் போட்டதையும் சொன்னான். ஒன்றும் பொய் இல்லை, நடந்ததுதான். நல்லதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அவ்வளவுதான். நரகத்தைச் சொல்லிப் பழகிய நாக்கு. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் பிள்ளைக்கு மயிர் கூச்செறியும் என்று அதற்குத் தெரியும்.

ஒருநாள் அடுப்பைச் சுற்றி இருந்து காந்தாரி மிளகுச் சம்மந்தி தொட்டு மரச்சீனி வாட்டுக்கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது அந்தக் கதையைச் சொன்னான்.

"அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகதுக்கு முந்தின நாளு, போறவனுக்க வீட்டுல ஊரே கூடும். சாவு வீட்டுல இருக்கது மாதிரி சுத்தி இருந்து அழுவாங்க. பாட்டுப் பாடுவாங்க, சாயா குடிப்பாங்க, அழுவாங்க. போறவன் உயிரோட நடுவுல இருப்பான்."

"உயிரோட இருக்கவனுக்கு எதுக்கு அழணும்?" எட்சனின் கையில் கிழங்கு அப்படியே இருந்தது.

"போனா வரமாட்டான்லா மக்கா. தள்ளையும் தகப்பனும் இனி அவன் மொகத்தப் பாக்கப் போறதில்ல. அதுனால அண்ணைக்கே அவனுக்கு எல்லாம் செஞ்சு முடிச்சிருவாங்க. பொறவு அவன் செத்தவன் கணக்குத்தான்."

"அது பழைய காலம்லா அப்பா" என்றாள் ஜெஸ்மி. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்போ ஏரோபிளேன் உண்டு. அம்மா வரேலியா? இவனுக்கு எதுக்கு இதெல்லாம் சொல்லுகீங்க?"

"ஹிஸ்டரியாக்கும் மக்கா. தெரிஞ்சிருக்கணும்."

ஜெஸ்மி அப்பாவையே பார்த்தாள். அவள் பதினொரு வயதுக்கு அதிகமாகவே புரிந்துகொள்கிற பிள்ளை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எட்சன் உருளைக்கிழங்கு தின்பதை நிறுத்தினான். பாட்டாவுக்குத் தீயா க்விட்ச் சொல்வதும் நின்றது. ஒருநாள், "அம்மா புல்லு தின்னுமா அப்பா?" என்று கேட்டான். சீ, அசடே, அம்மா நன்றாகச் சோறு தின்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேசமணி, "நீயே கேட்டுப் பாரு" என்றான். அதற்குப் பிறகு பிரீனா வீடியோவில் வந்தால் எட்சன் வேறொன்றும் பேசமாட்டான்.

"அம்மா, வாயத் தொற."

அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஆவென்று திறப்பாள். அவன் திரையில் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்ப்பான். பார்த்துவிட்டுப் போய்விடுவான். பிரீனா சிரிப்பாள். பக்கத்தில் நிற்கிற நேசமணிக்கு அது ஏன் என்று தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. பிள்ளை போகமாட்டேன் என்றால் அவள் என்ன செய்துவிடுவாள், அவளே திரும்பி வரட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மாசியில் இலை உதிர்ந்து மரமெல்லாம் மொட்டையாக நின்றன. பிறகு தளிர்த்தன. மே மாதம், கோடைமழை இடித்துக்கொண்டு பெய்த ஒருநாள் பிரீனா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். இரண்டு கையும் குளிரிலும் மருந்துத் தண்ணீரிலும் வெடித்துக் கிடந்தன. ஜெஸ்மி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். எட்சன் கதவுக்குப் பின்னால் நின்றான். சாக்லேட்டை நீட்டினாள், வாங்கவில்லை. பக்கத்தில் இழுத்தபோது உடம்பை விறைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பிரீனா மாமனாரைக் குளிப்பாட்டினாள். ஒரு கையைத் தோளுக்கடியில் கொடுத்து, நோகாமல் அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தாள்.

"ஒரு புண்ணு கூட இல்லாம வச்சிருக்கீங்க" என்று நேசமணியிடம் சொன்னாள். "நான் வேல பாக்குத எடத்துல கூட இப்பிடிப் பாக்க மாட்டாங்க. சத்தியமாட்டு."

அவனுக்குத் தலை நிமிரவில்லை.

"எட்சன் எதுக்கு எனக்கக் கிட்ட வரமாட்டேங்கான்? நீங்க அவனுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

"பழக்கம் இல்லாமப் போச்சுல்லா. ரெண்டு நாள்ல செரியாவும்."

"நான் அங்க கெழவன் கெழவிகளத் தூக்கிக் கிடத்தும்போ எல்லாம் எனக்கப் பிள்ளயத்தான் நெனப்பேன், கேட்டியளா. இவன ஒருநாள் இடுப்புல தூக்கி நடக்கணும்னு. இப்போ தூக்கினா எனக்க இடுப்பு தாங்காது போல இருக்கு, வளந்துட்டான்" என்று சொல்லிவிட்டு, சோப்பு நுரை ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

நேசமணி ரப்பருக்குள் இறங்கிப் போய், ஒரு மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தான் செய்தது என்ன என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. சாயங்காலம் எட்சனைப் புகைப்பெரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேலே ஷீட்டுகள் தொங்கின, கீழே விறகு புகைந்துகொண்டிருந்தது.

"மக்கா, அப்பா அண்ணைக்குச் சொன்னதுல்லா, அதெல்லாம் பழைய காலத்துல நடந்தது. இப்போ அங்க பஞ்சமும் இல்ல ஒண்ணும் இல்ல. கடை நெறையச் சாப்பாடு. போனவங்க எல்லாம் லீவுக்கு லீவு வருவாங்க."

எட்சன் அவனை ஏறிட்டுப் பார்த்தான்.

"நீ பொய் சொல்லுக."

"இல்ல மக்கா. கர்த்தர் மேல ஆணையாட்டு."

"அம்மா வந்ததுனால மாத்திச் சொல்லுக. அண்ணைக்குச் சொன்னதுதான் உள்ளது."

எவ்வளவு சொல்லியும் அவன் அசையவில்லை. பயமுறுத்துவதற்குக் கைகொடுத்த குரல் தேற்றுவதற்கு உதவவில்லை.

இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு முந்தின நாள் வீட்டில் வழியனுப்பு ஜெபம் வைப்பது வழக்கம். யார் போனாலும் உண்டு. யாரும் அதை ஒரு யோசனையாகச் சொல்லக்கூட இல்லை, தானாக ஏற்பாடாகிவிட்டது. மத்தியானம் வாடகைக் கடை வண்டி வந்து முற்றத்தில் பந்தலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். நீல பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். போன மாதம் பக்கத்து வீட்டுச் சாவுக்கு இறக்கிய அதே நாற்காலி, இறக்குகிற ஆளும் அதே ஆள்தான். அண்டாவில் சாயா கொதித்தது. நேசமணி விறகு கொண்டுவருவதும் நாற்காலி போடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தான். பையன் நடையோரம் நின்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு நின்றதை அவன் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஐயர் வந்தார். இங்கே போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் பாயில் நிறைந்தார்கள். பிரீனாவையும் இரண்டு பிள்ளைகளையும் நடுவில் முழங்கால் படியிடச் சொல்லி, ஐயர் அவர்கள் தலையில் கை வைத்தார். அவர் உரக்க ஜெபிக்கத் தொடங்கியதும் சுற்றி இருந்தவர்களும் ஆளுக்கொரு குரலில் ஜெபித்தார்கள். வழக்கம்போலப் பெண்கள் அழுதார்கள். பிரீனாவின் சித்தி நெஞ்சில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

எட்சன் கண்ணைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். தலைமேல் இருந்த கையைத் தட்டிவிட்டு எழுந்து கத்தினான்.

"எனக்கு வேண்டாம்! எனக்கு அழாதீங்க! நான் போவேல!"

ஜெபம் நின்றுபோயிற்று. ஐயர் குனிந்து, "என்ன மோனே, உனக்கு நல்லதுக்குத்தான ஜெபிக்கோம்?" என்றார்.

"இல்ல! இப்பிடிச் சுத்தி இருந்து அழுதா பொறவு வரவே முடியாது. செத்தவன் கணக்குத்தான். அப்பாதான் சொன்னாரு!"

அத்தனை முகமும் நேசமணி பக்கம் திரும்பியது. எட்சன் ஓடிவந்து அவன் இரண்டு காலையும் கட்டிக்கொண்டான். அந்தப் பிடிக்குத்தானே ஆசைப்பட்டான். இப்போது அதை எப்படி விடுவிப்பது என்று தெரியாமல் நின்றான்.

"ஜெஸ்மி, அப்பா அப்பிடியா சொன்னாரு?" என்று பிரீனா கேட்டாள்.

ஜெஸ்மி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஹிஸ்டரிதான் அம்மா. புஸ்தகத்துல உள்ளதுதான்."

ஆட்கள் சாயாவை அரையும் குறையுமாகக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். பிரீனா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்க வாய எதுக்குப் பாத்தான்னு இப்போதான் ஜெஸ்மி சொன்னா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருப்பான். "ஒவ்வொரு நாளும் தொறந்து காட்டினேன். சிரிச்சிட்டுக் காட்டினேன். நீங்க பக்கத்துல நிண்ணீங்க."

"நான் பொய் ஒண்ணும் சொல்லேல பிரீனா."

"பொய் சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேன்லா. பிள்ளையள அனுப்பமாட்டேன்னு எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சண்ட போட்டிருப்போம். நம்ம ரெண்டு பேருக்குள்ள நிண்ணிருக்கும். அதுக்கு ஒரு கொச்சுப் பிள்ளைக்க மனசா கெடச்சுது உங்களுக்கு?"

தனியாகக் கிடக்கப் பயந்துதான் செய்தேன் என்பது பதிலாகுமா என்று தெரியவில்லை. சொல்லவும் இல்லை.

மறுநாள் திருவனந்தபுரத்துக்குப் போகக் கார் வந்தது. எட்சன் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பிரீனா தூக்கினாள். அவன் வீறிட்டான், கடித்தான், கடைசியில் அவள் சேலையிலேயே வாந்தியெடுத்தான். நேசமணியும் கெஞ்சினான், "போ மக்கா, அம்மாகூடப் போ மக்கா, அப்பா பொறத்த வாறேன்" என்று. அவன் கெஞ்சக் கெஞ்ச பிள்ளை இன்னும் அலறினான். கட்டிலில் கிடந்த குமாரதாஸ் இடக்கையால் மெத்தையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிரீனா பிள்ளையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"இப்பிடித் தூக்கிட்டுப் போனா, எனக்க மொகத்தப் பாக்கும்போ எல்லாம் இவனுக்கு இதுதான் தோணும்" என்றாள். "இருக்கட்டும்."

கைகழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். காரில் ஏறுவதற்கு முன் ஜெஸ்மி அப்பாவிடம் வந்தாள். "அவனுக்கு இனி நல்லதாச் சொல்லிக் குடுங்க அப்பா" என்றாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கார் மேட்டிலிருந்து இறங்கிப் போனது. நேசமணி நினைத்தது பாதி நடந்துவிட்டது. பையன் அவனோடுதான் இருந்தான்.

ஆனியில் மழை கனத்தது. வெட்டுக்காயத்தில் மழை இறங்காமல் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் கட்டினான். எட்சன் கூடவே வந்து நூலை எடுத்துக்கொடுத்தான். பள்ளிக்கூடம் போனான், கஞ்சியும் பயறும் தின்றான், பாட்டாவுக்கு ஈ ஓட்டினான். எப்போதும் போலத்தான் இருந்தான். போன் அடித்தால் மட்டும் வேறு அறைக்குப் போய்விடுவான். கோபம், தீர்ந்துவிடும் என்று நேசமணி நினைத்தான். பிரீனாவிடமும் ஜெஸ்மியிடமும் உறங்குகிறான், விளையாடப் போயிருக்கிறான் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தான்.

ஒரு சனிக்கிழமை ஜெஸ்மி வீடியோவில் வந்தாள். புதுப் பள்ளிக்கூடத்து ஸ்வெட்டர் போட்டிருந்தாள். "எட்சன விளியுங்க அப்பா. மேல்கட்டில் அவனுக்குத்தான் போட்டு வச்சிருக்கேன்னு காட்டணும்" என்றாள். அவளுக்குப் பின்னால் பிரீனாவும் எட்டிப் பார்த்தாள்.

எட்சன் அடுக்களையில் தட்டின் முன் இருந்தான். நேசமணி போனோடு போய் அவன் பக்கத்தில் குத்தவைத்தான்.

"மக்கா, அக்காவும் அம்மாவும் விளிக்காங்க. ஒரு வார்த்த பேசு."

எட்சன் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. தெரியாத ஒன்றை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற முகம்.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஜெபம் வச்சு எல்லாரும் அழுது முடிச்சாச்சுல்லா அப்பா" என்றான். "பொறவும் எதுக்கு விளிக்காங்க?"

நேசமணி அவசரமாகப் போனைத் திருப்பினான். அந்தப் பக்கம் இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள். ஜெஸ்மி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிரீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.